பச்சை முத்திரை ஏன் செல்வியிடம் இருக்கிறது

என் இடத்துக்கு வரும் உங்களிடம் நேற்று நான் கொடுத்த ஒப்படைப்புப் பட்டியலில் பதினேழு பொருட்கள் இருந்தன. அலமாரிச் சாவி இரண்டு, ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கும் மீட்டர் ஒன்று, ஏற்றுமதிக் கோப்புகள் ஒன்பது, இப்படி. உங்களில் ஒருவர் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "மேடம், அக்செப்டட் சீல் இதுல இல்லியே?" என்று கேட்டார். "அது செல்வி கிட்ட இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டேன். அது பதில் இல்லை. முழுப் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் இந்தத் தொழிற்சாலையின் தர ஆய்வு மேசையில் எட்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். மீட்டரை எப்படிப் பிடிப்பது, மாதிரியை எத்தனை மணி நேரம் ஆறவிடுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதில் இல்லை.

நான் படித்தது ரப்பர் தொழில்நுட்பம். வேலைக்கு வந்த புதிதில் ஐரோப்பாவிலிருந்து வரும் ஆர்டர்களின் பின்பக்கம் எனக்கு உறுத்தலாக இருக்கும். முன்பக்கத்தில் அளவு, எண்ணிக்கை, தேதி. பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போலச் சின்ன எழுத்தில் இருபது முப்பது நிபந்தனைகள். ஜெனரல் மேனேஜரிடம் கேட்டேன். "அது எல்லாருக்கும் பொதுவா அடிக்கறதும்மா, யாரும் படிக்க மாட்டாங்க" என்றார். யாரும் படிக்காத ஒன்றை எதற்காக அவ்வளவு செலவு செய்து அச்சடிக்கிறார்கள் என்று நான் படிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலம் புரிந்தது, பொருள் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. சர்வதேச, ஐரோப்பிய வணிகச் சட்டம், முதுகலை, அஞ்சல் வழியில் இரண்டு வருடம். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, ஒரு பட்டமும் வேலை அனுபவமும் போதும். வழக்கம்போல ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து எழுதிப் பார்த்தேன். சேரக்கூடாது என்பதற்கு ஏழு காரணம், சேரலாம் என்பதற்கு இரண்டு. ஒன்று, பின்பக்கம் புரியும். இரண்டு, கடம்பத்தூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வந்து ரயில் மாறி கும்மிடிப்பூண்டி போய்த் திரும்ப ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது, அதில் மூன்று மணி நேரமாவது உட்கார இடம் கிடைக்கும். இரண்டு ஏழை வென்றது.

திருவள்ளூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த அப்பா மட்டும், "ஐரோப்பாக்காரன் சட்டத்தப் படிச்சிட்டு எங்க கோர்ட்ல வந்து இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, முதல் கட்டணத்துக்கான வங்கி வரைவோலையை அவரேதான் வரிசையில் நின்று எடுத்து வந்தார்.

புத்தகங்கள் கடம்பத்தூர் தபால் அலுவலகத்துக்கு ஒரு சாக்குப் பார்சலில் வந்தன. பெண்கள் பெட்டியில் அவற்றை மடியில் விரித்தால் எதிரே கீரைக்கூடையோடு உட்காரும் அம்மா, "இன்னா பொண்ணு, கல்யாணம் ஆவறதுக்குள்ள முடிச்சுருவியா இத்த?" என்பார். அட்டை கனமானது, ஆனால் பரவாயில்லை, முட்டியில் மேசை மாதிரி நிற்கும். கட்டுரைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் திருவள்ளூர் பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்புவேன்.

அவற்றைத் திருத்திய ஆசிரியரின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. குறிப்பின் கீழே இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கும். ஆணா பெண்ணா, என்ன வயது, எதுவும் தெரியாது. நான் எழுதியதில் சரியானதைச் சரி என்பார். தவறை விளக்க மாட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் தவறு எங்கே என்று நாமே கண்டுபிடித்துவிடுவோம். எங்களூர் நேரத்துக்கு இரவானாலும் பகலானாலும் ஆறு நாளைக்குள் பதில் வந்துவிடும். உலகத்தில் எத்தனையோ ஊர்களிலிருந்து எத்தனை பேர் எழுதியிருப்பார்கள். ஒருவருக்குக்கூடப் பொதுவான கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

இரண்டாம் வருடம் தொடங்கியபோது அந்த ஃபேக்ஸ் வந்தது.

ஜெர்மனியில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனிக்கு நாம் ரப்பர் வளையங்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஐந்து மாதத்துக்கு முன் போன தொண்ணூற்றாறு பெட்டிகளில் இருந்த வளையங்கள் கசிகின்றன என்றும், சரக்கு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், மேற்கொண்டு ஆர்டர் கிடையாது என்றும் எழுதியிருந்தார்கள். பதில் சொல்லப் பத்து வேலை நாள். அந்த வளையம் ஓடிய பிரஸ் வரிசையில் இருபத்தாறு பெண்கள் வேலை செய்தார்கள். ஆர்டர் போனால் அந்த வரிசைக்கு வேறு வேலை இல்லை.

ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீதான் அந்த ஊர் சட்டம் படிக்கிறியேம்மா. நமக்கு ஏதாவது வழி இருக்கா பாரு."

வழி இருந்தது. அதுதான் விசேஷம். அப்போது நான் படித்துக்கொண்டிருந்த பாடமே நாடு விட்டு நாடு சரக்கு விற்பது பற்றிய சர்வதேச உடன்படிக்கை. இந்தியா அதில் சேரவில்லை. ஆனால் ஆர்டரின் பின்பக்கத்தில், அந்த எறும்பு எழுத்தில், ஜெர்மனியின் சட்டம் பொருந்தும் என்று இருந்தது. ஜெர்மனி சேர்ந்த நாடு. ஆகவே உடன்படிக்கை நமக்கும் வந்து பொருந்தியது. அதன் முப்பத்தொன்பதாம் பிரிவு சொல்வது இது: சரக்கு வாங்கியவர் அதைச் சோதித்து, குறை இருந்தால் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறை சொல்லும் உரிமை போய்விடும். அவர்கள் ஐந்து மாதம் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறார்கள். மீட்டரை வைத்து ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

இரண்டு பக்கத்தில் பதினொரு குறிப்புகளாக எழுதிக் கொடுத்தேன். ஜெனரல் மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் மறுநாளிலிருந்து என்னை "லாயரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். "லாயரம்மா, நம்ம ரேஷன் கார்டுல ஒரு தகராறு கீது, ஜெர்மனி சட்டத்துல எதனா எடம் கீதா பாரேன்" என்று கேன்டீனில் எல்லோரும் கேட்கச் சொல்வார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஊர், பெயர், பொருள் எல்லாவற்றையும் மாற்றி அதையே அந்த மாதக் கட்டுரையாகவும் அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது. நல்ல மதிப்பெண். முப்பத்தொன்பதைத் தெளிவாகக் கையாண்டிருக்கிறீர்கள் என்று பாராட்டு. கீழே வழக்கம்போல ஒரு கேள்வி.

"சரக்கை அனுப்பிய நாளில் விற்றவருக்கு என்ன தெரிந்திருந்தது?"

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தபடியே அடுத்த பிரிவைத் திருப்பினேன். நாற்பதாவது பிரிவு மூன்று வரிதான். குறை இருப்பது விற்றவருக்கு முன்பே தெரிந்திருந்து, அதை வாங்கியவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், முப்பத்தொன்பதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

எங்களுக்குத் தெரிந்திருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன்.

அப்போது நம் மேசையில் இருந்த வழக்கத்தைச் சொல்கிறேன். சோதனை மேசையில் அளப்பவர் ரெஜிஸ்டரில் எண்ணை எழுதுவார். அளவு எல்லைக்குள் இருந்தால் நீலம், வெளியே போனால் சிவப்பு. சிவப்பு வந்தாலும் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் என்னைப் போன்ற பொறியாளர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பச்சை மையில் 'அக்செப்டட்' முத்திரை குத்தி அனுப்பலாம். சரக்கோடு போகும் சான்றிதழில் எண் இருக்காது. எல்லா வரியிலும் 'ஓகே' என்றுதான் இருக்கும். வாங்குகிறவரிடம் கேட்காமல் நமக்கு நாமே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தோம். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது. தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வந்து ரெஜிஸ்டரைப் பிரித்தேன். கெட்டித்தன்மை அறுபத்தைந்துக்குக் குறையக் கூடாத வளையத்துக்கு அந்த ஒரு தொகுதியில் அறுபத்து மூன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று என்று சிவப்பு மையில் இருந்தது. எழுத்து செல்வியுடையது. பக்கத்தில் என் கையெழுத்து. அதன்மேல் பச்சை முத்திரை. மறுநாள் கப்பல் கிளம்புகிறது என்ற அவசரத்தில் குத்தியது.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத்த வேற யாரு பாத்தாங்க?"

"நானும் நீங்களும் சார். எழுதின செல்வியும்."

"ஒரு பேஜுதானேம்மா. மழைல நனைஞ்சு போச்சுன்னு புது ரெஜிஸ்டர் போட்டு எழுதச் சொல்லு. அந்தப் பொண்ணு நீ சொன்னா கேக்கும். இருபத்தாறு பேரு வவுறு இதுல கீது, லாயரம்மா."

செல்வியை உங்களுக்கு இப்போது தெரியும். அப்போது அவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. எளாவூரிலிருந்து வருவார். அவருடைய அப்பா முன்பு வயல் கூலி, பிறகு செக்போஸ்டில் லாரிகளில் மூட்டை இறக்குபவர். செல்விக்கு என் வயதுதான் இருக்கும். மாதக் கடைசியில் காண்ட்ராக்டர் அனுப்பும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாது, அவ்வளவுதான் அவருடைய வேலைக்கு இருந்த உத்தரவாதம்.

ரெஜிஸ்டரோடு அவருடைய மேசைக்குப் போனேன்.

"இன்னா மேடம், மூஞ்சி பேஜாரா கீது? நாஷ்டா துன்னீங்களா இல்லியா?"

"செல்வி, இந்த ரெஜிஸ்டர் கிழிஞ்சு போச்சு. புதுசுல காப்பி எழுதணும்."

"எழுதினா போச்சு. அப்பிடியே பாத்து எழுதணும், அதானே?"

"அப்படியேதான். இந்த ஒரு பேஜ் மட்டும்..."

விரலால் சிவப்பு எண்களைத் தொட்டுக் காட்டினேன். செல்வி பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையில் இருந்த வளையத்தை மேசையில் வைத்தார்.

"மேடம், அன்னிக்கு அறுவத்தி மூணுன்னு நான் சொன்னப்ப நீங்க இன்னா சொன்னீங்க, ஞாபகம் கீதா?"

என் கண் பச்சை முத்திரைக்குப் போயிற்று.

"நீ வர்றத எழுது செல்வி, பாஸ் பண்றது என் வேலைன்னீங்க. வந்தத நான் எழுதிட்டேன். இப்ப எதுக்கு என் வேலைய நீங்க பாக்க வர்றீங்க?"

"ஆர்டர் போயிடும் செல்வி."

"போனா எனக்குந்தான் வேல போவும். காண்ட்ராக்டரு பேரு அடிச்சுட்டார்னா நான் இன்னா பண்ண முடியும்? ஆனா அறுவத்தஞ்சுன்னு நீங்களே எழுதிக்குங்க, கையெழுத்தும் நீங்களே போட்டுக்குங்க. என் கையால வராது." பிறகு சிரித்துவிட்டார். "செவப்புப் பேனா வாங்கிக் குடுத்ததே நீங்கதான் மேடம்."

குரலை உயர்த்தவில்லை. வேலையை நிறுத்தவுமில்லை. அடுத்த வளையத்தை எடுத்து மீட்டரில் வைத்து அழுத்தினார், எண்ணை எழுதினார். ஒரு வருடத்துக்கு மேலாகச் சட்டம் படித்துக்கொண்டிருந்தவள் நான். நாற்பதாம் பிரிவு சொல்வதை, அதைப் படிக்காத ஒருவர் அதற்குள் செய்து முடித்திருந்தார்.

தலையைக் குனிந்து ரெஜிஸ்டரை மூடப் போனபோதுதான் ஓரத்தைக் கவனித்தேன். சிவப்பு எண்களுக்கு நேராக, கட்டம் இல்லாத வெற்று ஓரத்தில், பொடிப் பொடியாகப் பதினொரு எண்கள்.

"இது என்ன செல்வி?"

"பொட்டி நம்பரு. இந்தச் சரக்கு எந்தெந்தப் பொட்டில போச்சுன்னு பேக்கிங்ல போய்க் கேட்டுக்கினு வந்து எழுதினேன்."

"யார் எழுதச் சொன்னாங்க? இதுக்குக் கட்டமே கிடையாதே."

"யாரும் சொல்லல. எங்க ஊரு செக்போஸ்ட்ல பாருங்க மேடம். லாரில ஒரு மூட்டைல சந்தேகம், எந்த மூட்டன்னு தெரியலன்னு வெச்சுக்குங்க, மொத்த லோடையும் எறக்கிருவாங்க. எங்க நைனா நாளெல்லாம் எறக்கினு கெடப்பாரு. எதுன்னு தெரிஞ்சா அத்த மட்டும் எறக்கிட்டு வண்டிய உட்டுருவாங்க. அதான், செவப்பு வந்தா நான் நம்பர் எழுதிருவேன்."

தொண்ணூற்றாறில் பதினொன்று. மழையில் நனைந்ததாகச் சொல்லி நாங்கள் ஒழிக்கப் பார்த்த அதே பக்கம்.

அன்று மதியமே இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவதில் முப்பத்தொன்பதாம் பிரிவு, ரெஜிஸ்டர் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாவதில் அந்தப் பக்கத்தின் நகல், பதினொரு பெட்டி எண்கள், நாங்கள் தெரிந்தே அனுப்பினோம் என்ற ஒரு வரி, அதைச் செய்தவள் என்று என் பெயர், மற்ற எண்பத்தைந்து பெட்டிகளின் எண்கள் நீல மையில் உள்ளபடி. இரண்டையும் ஜெனரல் மேனேஜர் முன்னால் வைத்தேன். புரொடக்‌ஷன் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்.

"முதல் லெட்டர் அனுப்பினா ஜெயிப்போமா?" என்றார் ஜெனரல் மேனேஜர்.

"அந்தப் பேஜ் வெளியே வராத வரைக்கும் சார். ஆனா அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ரெண்டாவது அனுப்பினா?"

"சட்டப்படி நமக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது சார். அவங்க பதினொரு பெட்டியைப் பிரிச்சு அளந்து பாத்து, நம்ம நம்பரை நம்பினா உண்டு."

"நம்பலன்னா?" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர்.

"நம்பலன்னா நீங்க சொல்ற இருபத்தாறு பேரோட இருபத்தேழாவதா நானும் போறேன் சார்."

ஜெனரல் மேனேஜர் நகலை வெளிச்சத்தில் பிடித்து ஓரத்து எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதை யாரு எழுதினது?" என்றார். சொன்னேன். இரண்டாவது கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, ஃபேக்ஸ் எந்திரத்துக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். எட்டு வருடத்தில் அவரோடு எனக்கு எத்தனையோ விஷயத்தில் ஒத்துப்போனதில்லை. ஆனால் அந்தப் பத்தடி நடையை நினைத்தால் இன்றும் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

பதில் வர எட்டு நாள் ஆயிற்று. நான்கே வரி. பதினொரு பெட்டிகளையும் அளந்ததில் எண்கள் பொருந்துகின்றன. மற்றவற்றில் சில பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் குறை இல்லை. பதினொன்றுக்கு மட்டும் மாற்று அனுப்பவும். இனிமேல் சான்றிதழில் 'ஓகே' வேண்டாம், எண் வேண்டும். ஆர்டர் நின்றுவிட்டது என்ற சொல் அதில் இல்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் கடைசி வரிவரை படித்துவிட்டு, "பதினோரு பொட்டிதானா, யம்மா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். அன்று கேன்டீனில் எல்லோருக்கும் அவர் செலவில் சமோசா.

கட்டுரையை நாற்பதாம் பிரிவோடு திருத்தி, இந்த முறை ஓரத்து எண்கள் உட்பட எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இனிமேல் கேள்வி இருக்காது என்று நினைத்தேன். இருந்தது.

"அந்தப் பதிவை எழுதிய ஊழியர் இப்போது எங்கே இருக்கிறார்?"

அது சட்டக் கேள்வி இல்லை. பாடத்தில் அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. நான் நேராகப் போய் அடுத்த மாதக் காண்ட்ராக்ட் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். செல்வியின் பெயர் அதில் இல்லை. காண்ட்ராக்டர், "வாய் ஜாஸ்தின்னு புரொடக்‌ஷன்ல சொன்னாங்க மேடம்" என்றார். சமோசா தின்ற நாளில் நான் ஒருமுறைகூட அந்தப் பட்டியலை நினைக்கவில்லை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

அன்று மாலை தர ஆய்வுக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன், ஆர்டர்களின் பின்பக்கத்தைப் படிப்பது போல. ஏழாம் அத்தியாயத்தில் ஒரு வரி கிடைத்தது. அக்செப்டட் முத்திரையை வைத்திருப்பவர் கம்பெனியின் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும்.

மறுநாள் ஜெனரல் மேனேஜரிடம், இந்தச் சம்பவத்துக்குப் பிறகு முத்திரை என்னிடம் இருப்பது சரியில்லை என்றேன். அளப்பவரிடமே இருக்கட்டும், பொறியாளர் கேட்டுத்தான் வாங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் காரணம் ரெஜிஸ்டரில் எழுதப்பட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். "சரி, செல்வி கிட்ட குடுத்துடு."

"குடுக்க முடியாது சார்" என்று கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.

அவர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதெல்லாம் அந்த ஜெர்மனி பாடத்துலயா சொல்லித் தர்றாங்க?"

"பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லித் தர்றாங்க சார்."

ஒன்றாம் தேதி செல்வி பஸ்ஸில் வந்தார். கழுத்தில் புது அடையாள அட்டை. முத்திரையை நான் அவரிடம் கொடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்மாஞ் சின்னதுக்கா இவ்ளோ கலாட்டா?" என்றார். ஆசிரியருக்கு அன்றே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினேன்: சோதனை மேசையில் இருக்கிறார், நிரந்தரமாக. பாராட்டும் வரவில்லை, கேள்வியும் வரவில்லை. நான் எழுதியதில் அவர் கேள்வி கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

படிப்பை முடித்தேன். சென்னையில் எனக்குக் கிடைத்திருக்கும் புது வேலையே ஆர்டர்களின் பின்பக்கத்தைப் படிப்பதுதான்.

நாளை மறுநாள் முதல் இந்த மேசை உங்களுடையது. என்றாவது ஒருநாள் மறுநாள் கப்பல் இருக்கும், மீட்டர் அறுபத்து நான்கு காட்டும், ஒன்றுதானே குறைகிறது என்று தோன்றும். அப்போது செல்வியின் மேசைக்குப் போய் முத்திரையைக் கேளுங்கள். "எதுக்கு?" என்பார். நீங்கள் சொல்லும் பதிலை அப்படியே ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். சிவப்புப் பேனா அவரிடம் இன்னும் இருக்கிறது. அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், எழுதியதை ஒருமுறை படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் கையை நீட்டுங்கள்.